பகல் ராத்திரி

பாரிவாக்கம் ஏரிக்கரைத் தெருவில், ஐந்து குடித்தனங்கள் வரிசையாக இருந்த அந்த சிமெண்ட் ஷீட்டு வீட்டில், காலை ஒன்பதரை மணிக்கு ராத்திரியாகிவிடும். மற்ற வீடுகளுக்கு அதைச் சூரியன் செய்தது. இங்கே வசந்தா செய்தாள்.

கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து ஜன்னலில் தொங்கவிடுவாள். கதவுத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியிருந்தது. முற்றத்துக் கைப்பம்பின் பிடி ஒவ்வோர் அடிக்கும் ணங்கென்று இடிக்கிறதென்று, இடிக்கிற இடத்தில் கிழிந்த சைக்கிள் டியூபை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். அதிலிருந்து பம்பு பல் போன வாயால் பேசுவதுபோல பொத் பொத்தென்றுதான் சத்தம் போட்டது. கல்யாணத்துக்கு வந்த குக்கர், விசிலடித்த பாவத்துக்குப் பரண்மேல் ஏறிவிட்டது. பம்பு ஸ்டவ் இரையும் என்பதால் அதை விற்றுத் திரி ஸ்டவ் வாங்கினாள். அதில் பானை வைத்துச் சோறாக்கி, வாயகன்ற அலுமினியச் சட்டியில் கஞ்சி வடிப்பாள். கஞ்சி வடிப்பதில் சத்தமில்லை.

பக்கத்துக் குடித்தனத்து ஜமீலா தையல் வேலை செய்கிறவள். யாரும் கேட்காமலே தன் மிஷினைத் தூக்கிப்போய்ப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் போட்டுக்கொண்டாள். தலையில் மீன்கூடையோடு வரும் முனியம்மா தெருமுனை வரைக்கும் கூவிக்கொண்டு வந்து, இந்த வரிசைக்கு எதிரில் வந்ததும் கூவுவதை நிறுத்தி, ஒவ்வொரு கதவாகக் குனிந்து காதோடு மீன் பேர் சொல்லிவிட்டுப் போவாள்.

"நான் மீன் விக்க வந்தேனா, மந்திரம் ஓத வந்தேனா? உன் ஊட்டுக்காரன் தூங்குறதுக்கோசரம் என் சங்கரா மீனே வாயப் பொத்திகினு கீது, வசந்தா" என்று ஒருநாள் கிசுகிசுத்தாள். வசந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வரிசையில் அப்போதெல்லாம் சிரிப்பும் அப்படித்தான் இருந்தது.

இத்தனையும் எத்திராஜின் தூக்கத்துக்காக.

எத்திராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் உலை வேலை. பல்சக்கரங்களைத் தட்டில் அடுக்கி உலைக்குள் தள்ளி, பழுத்துச் சிவந்ததும் கொக்கியால் இழுத்து எண்ணெய்த் தொட்டியில் இறக்க வேண்டும். உலை அணையக் கூடாது என்பதால் ராத்திரியும் ஆள் வேண்டும். எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையின்போது ராத்திரி ஆளாக இருந்தவன் வேம்புலி. எத்திராஜுக்குக் கல்யாணத்தில் பந்தல் போட்டவன். ஒருநாள் விடிகாலையில் கொக்கியைப் பிடித்தபடியே ஒரு கணம் கண்ணசந்தான். முழங்கை வரைக்கும் கொதிக்கிற எண்ணெய்க்குள் போய்விட்டது. அந்தக் கையைப் பார்க்க எத்திராஜும் வசந்தாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மறுவாரம் வேம்புலியின் இடத்தில் எத்திராஜை நிறுத்தினார்கள். பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு வா, இங்கே கண் சொருகினால் வேலை மட்டுமில்லை, கையும் போகும் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். அந்த வார்த்தை எத்திராஜைவிட வசந்தாவுக்குத்தான் ஆழமாகத் தைத்தது. வேம்புலியைப்போல இவனும் ஆகிவிடக் கூடாது. அதற்கு அவளால் ஆனது ஒன்றுதான்: பகலை ராத்திரியாக்குவது.

காலை எட்டரைக்கு எத்திராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். பம்படியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளித்து, பழைய சோற்றில் மோர் விட்டு, வெங்காயத்தைக் கையால் நசுக்கித் தின்றுவிட்டு, ஈரத்துண்டைக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டு படுப்பான். சாயங்காலம் நாலு மணிக்கு எழுவான். நடுவில் புரளக்கூட மாட்டான். அவன் அசையாமல் கிடப்பதைப் பார்க்கும்போது வசந்தாவுக்கு, ஏதோ பெரிய பாரத்தைப் பத்திரமாக இறக்கி வைத்ததுபோல இருக்கும். சுவரோரம் உட்கார்ந்து, கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ரப்பர் வாஷர்களில் பிளேடால் பிசிறு நறுக்குவாள். அதுவும் சத்தமில்லாத வேலை என்று தேடிப் பிடித்ததுதான்.

அவளருகில் பூங்காவனம் உட்கார்ந்திருக்கும். எத்திராஜின் அம்மா பேரை வைத்த பெண் குழந்தை; நாலு வயது. பூங்கா என்று கூப்பிடுவார்கள்.

ராத்திரி வேலை ஆரம்பித்த முதல் வாரம், பூங்கா ஒரு சொம்பைக் கீழே போட்டுவிட்டது. எத்திராஜ் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். வசந்தா ஒரு கையால் குழந்தையின் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் தொடையின் உள்பக்கம் கிள்ளினாள். கிள்ளும்போது அவள் கண்முன் வேம்புலியின் கை இருந்தது. நகம் பதிந்த தடம் ஒரு வாரம் போகவில்லை. அதற்கப்புறம் பூங்கா எதையும் கீழே போடவில்லை. நுனிக்காலில் நடந்தது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்டியது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் சுண்டுவிரல். வரிசையில் எல்லோரும் மெச்சினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா, வசந்தா என்னமாய் வளர்த்திருக்கிறாள் என்றார்கள். வசந்தாவுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் எத்திராஜ் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகும் குழந்தை தூங்கவில்லை. கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அசந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும். விட்டுப் போயிருந்த பழக்கம் திரும்பி, பாயை நனைத்தது. பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று வசந்தா வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தாள். பால்வாடி டீச்சர் ஒருநாள் வேறொன்று சொன்னாள். உன் பெண் இங்கே பாட்டும் பாடுவதில்லை, பேசுவதும் இல்லை. மற்ற பிள்ளைகள் காட்டுக்கத்தல் கத்தும்போது சுவரில் சாய்ந்து அப்படித் தூங்குகிறது, வீட்டில் தூங்க விடுவதில்லையா என்று கேட்டாள். வீட்டில் ஒரு குண்டூசி விழுந்தாலும் கேட்கும், டீச்சர்; தூங்கத்தானே வீடே இருக்கிறது என்றாள் வசந்தா. டீச்சர் அவள் முகத்தையே பார்த்தாள்.

அது வைகாசி; பால்வாடிக்கு லீவு. கத்திரி வெயிலில் ஷீட்டுக் கூரை மடமடவென்று நெட்டி முறித்தது. அதை மட்டும் வசந்தாவால் அடக்க முடியவில்லை. பதினொன்றரைக்குச் சோறு வடித்து, பானையை நிமிர்த்தி, கஞ்சிச் சட்டியைச் சுவரோரம் தரையில் வைத்தாள். பூங்காவுக்குக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கப் பிடிக்கும். ஆறட்டும் என்று கையால் காட்டினாள். குழந்தை தலையாட்டியது. வாஷர் கொண்டுபோகும் தங்கவேல் வருகிற நேரம். அவன் வாசலில் நின்று சைக்கிள் மணியை அடித்துவிடுவான் என்பதால், வசந்தாவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் கொடுப்பது வழக்கம். அன்று அவன் பிசிறு சரியாக நறுக்கவில்லை என்று நாலைந்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் ஆயிற்று.

திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது, வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கஞ்சி வாடை மட்டும் வந்தது. பிறகு தரை ஈரமாக இருப்பது தெரிந்தது. சட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் கஞ்சி இல்லை. கரித்துணி நனைந்து, மடித்து, சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்தப் பக்கம் எத்திராஜ் கண்ணில் துண்டோடு, எப்போதும்போல அசையாமல் படுத்திருந்தான். இந்தப் பக்கம் சுவரில் முதுகு ஒட்ட, இரண்டு காலையும் நீட்டி, கவுனின் விளிம்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு பூங்கா உட்கார்ந்திருந்தது.

கொட்டிவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது என்று வசந்தா நினைத்தாள். கிள்ளுவதற்கு அவள் இரண்டு விரலும் தாமாகவே சேர்ந்துவிட்டன. கிட்டே போய்க் குனிந்தாள். வலது காலில் பாதத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் வெள்ளையாக, கஞ்சி ஆடை படிந்த மாதிரி இருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

முந்தானையோடு வந்தது கஞ்சி ஆடை இல்லை.

ஏழு மாதத்தில் அந்த வீட்டில் முதல் அலறல் அதுதான். அலறியது வசந்தா. குழந்தை அலறவில்லை. பதறிப்போய், ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டின் குறுக்கே வைத்து அம்மாவைப் பார்த்தது.

"ஏன்டி கத்தல? பாவி, ஏன்டி என்னக் கூப்புடல?"

வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு, மூச்சிலேயே அது சொன்னது:

"நைனா தூங்குது."

எத்திராஜ் அதற்குள் எழுந்து நின்றிருந்தான். குழந்தையை அவன் தூக்கியது, ஜமீலா ஓடிவந்து குடத்துத் தண்ணீர் முழுக்கக் காலில் கொட்டியது, பேனா மை ஊற்றுங்கள் என்று யாரோ சொன்னது, அப்படிச் சொன்னவளை ஜமீலா பிடித்துத் தள்ளியது எல்லாம் வசந்தாவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. எத்திராஜ் லுங்கியோடு, தோளில் குழந்தையோடு பெங்களூர் ரோடு போகும் பக்கம் ஓடினான். கீரைக்கட்டு ஏற்றிவந்த டெம்போ ஒன்று நின்றது. பூந்தமல்லிவரை, கீரைக்கட்டுகளுக்கு நடுவில், குழந்தை ஒருமுறைகூட முனகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த கூலியாள், கை கால் எல்லாம் நடுங்குகிறதே, பிள்ளை பேச்சு வராத பிள்ளையா என்று கேட்டான்.

தருமாஸ்பத்திரியில் காயம் கட்டிய நர்ஸம்மா ஐம்பது வயதைத் தாண்டியவள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அழ அழக் கட்டுப் போட்டவள். இந்தக் குழந்தையின் காலைக் கழுவும்போது அவள் கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கி வசந்தாவைப் பார்த்தாள்.

"இந்தக் கொயந்தைக்கு இன்னாம்மா பண்ணி வெச்சிகீறீங்க?"

அவள் கேட்டது வெந்த காலைப் பற்றி இல்லை என்று வசந்தாவுக்குப் புரிந்தது.

சாயங்காலம் ஊசியின் மயக்கத்தில் குழந்தை கண்மூடிக் கிடந்தது. வராந்தாவில் ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் வசந்தா, அந்தப் பக்கம் எத்திராஜ். எதிரே டீக்கடைக்காரன் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு டம்ளர் இடிக்கும்போதும் வசந்தாவின் தோள் தூக்கிப் போட்டது. அப்போதுதான் அவளுக்கு மத்தியானம் கண்ட ஒன்று திரும்பி வந்தது. அவள் அலறி முடிப்பதற்குள் எத்திராஜ் நின்றுகொண்டிருந்தான். தூங்கி எழுகிறவன் தடுமாறுவான், கண்ணைக் கசக்குவான். அவன் கண்ணில் தூக்கமே இல்லை.

"நீ எப்போ எயுந்த?" என்று கேட்டாள்.

எத்திராஜ் தரையைப் பார்த்தான்.

"நான் தூங்கல வசந்தா."

"இன்னிக்கா?"

"என்னிக்குமே."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"ஏயு மாசமா பகல்ல தூங்கல. கண்ண மூடுனா வேம்புலி கை வந்து நிக்குது. மொத நாலு நாளு பொரண்டு பொரண்டு படுத்தேன். நீ பம்புக்கு டியூபு கட்டுன. ஜமீலாக்கா மிஷின தூக்கிப் பின்னால போட்டாங்க. முனியம்மா சொம்மா காதுல வந்து ஓதுது. ஒரு தெருவே எனக்கோசரம் மூச்ச அடக்கிகினு கீது. எயுந்து ஒக்காந்து, தூக்கம் வரலன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? அசையாத படுத்துகினா நீயாவது நிம்மதியா இருப்பன்னு படுத்துகினேன்."

"அப்போ வேலையில?"

"உலைகிட்ட சத்தத்துல, நின்னுகினே அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் கண்ணு போவும். தட்டு உள்ள வேவுற நேரத்துல. சத்தம் இருந்தா தூக்கம் வருது வசந்தா. சத்தமே இல்லன்னா காது முயிச்சிகினே கீது. எங்க இன்னா உயும்னு பாத்துகினே கீது."

உலைக்குப் பக்கத்தில். கொக்கியைப் பிடித்துக்கொண்டு. வேம்புலி கண்ணசந்த அதே இடத்தில். ஏழு மாதம் வசந்தா சேர்த்து வைத்த அமைதி யாரையும் தூங்க வைக்கவில்லை. அதற்குமேல் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"சட்டி சாஞ்சது ஒனக்குக் கேட்டுதா?"

டீக்கடையில் இன்னொரு டம்ளர் இடித்தது. எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டுது."

"கேட்டுமா?"

"சட்டி லேசாத்தான் உரசுச்சி. தண்ணி கொட்டுன மாரிதான் கேட்டுது. புள்ள குரலே குடுக்கல. நான் கண்ணத் தொறந்தா, நைனாவ எயுப்பிட்டியான்னு நீ வந்து அதக் கிள்ளுவியே. அது மாட்டிக்கக் கூடாதுன்னுதான் மூடிகினே இருந்தேன். பொறவு துணி வெச்சித் தொடைக்கிற சத்தம் கேட்டுது. சமத்தா தொடைக்குது பாருன்னு..."

வசந்தாவின் கண்ணுக்குள் அது நடந்துகொண்டிருந்தது. டம்ளரை விட்டு மொண்டால் சட்டியில் இடிக்கும் என்று, இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிச் சாய்க்கப் பார்த்திருக்கிறது. வெந்த காலோடு எழுந்து கரித்துணியைத் தேடி எடுத்திருக்கிறது. நுனிக்காலில் நடந்திருக்கிறது. அந்தக் காலின் நுனியில். ஆறடி தள்ளி விழித்துக்கொண்டு படுத்திருந்த அப்பனின் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அம்மா வரும்வரைக்கும் கவுனைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.



எத்திராஜ் அன்றைக்கும் மறுநாளும் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை கட்டுப் பிரிக்க வேண்டும் என்றார்கள். கட்டும் அறைக்கு வெளியே ஒரே சந்தையாக இருந்தது. சீட்டுக்கு வரிசை, பேர் சொல்லிக் கூப்பிடும் ஆள், இரும்புத் தள்ளுவண்டி, யாரோ ஒருவரின் இருமல். அந்த நடைபாதை பெஞ்சில் எத்திராஜ் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். வசந்தா அறைக்குள் மேஜையருகே குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்திருந்ததால் அவனைப் பார்க்க முடிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் லேசாகத் திறந்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது. பிறகு குறட்டை வந்தது.

வசந்தா திகைத்துப்போனாள். ஏழு மாதத்தில் அவள் அந்தக் குறட்டையைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே இப்போதுதான் உறைத்தது. தூக்கம் என்றால் இப்படித்தானே இருக்கும்; கை மடியிலிருந்து நழுவித் தொங்கும், உதட்டோரம் எச்சில் வழியும். இத்தனை நாள் ஈரத்துண்டின் கீழே கிடந்ததை எப்படித் தூக்கம் என்று நம்பினாள்? பேர் கூப்பிடும் ஆள் கதவருகே வந்து உரக்க ஒரு பேரைச் சொன்னான். யோசிக்கும் முன்பே வசந்தாவின் கை எழுந்தது. விரல் உதட்டின் குறுக்கே வந்தது.

அந்த ஆள் அதைப் பார்க்கவில்லை. பூங்கா பார்த்தது.

குழந்தையின் கண் அம்மாவின் விரலுக்குப் போய், அங்கிருந்து கதவு வழியாக பெஞ்சுக்குப் போயிற்று. நர்ஸம்மா காலில் ஒட்டிக் காய்ந்திருந்த துணியின் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். குழந்தையின் உடம்பு வில்லாக வளைந்தது. அது கையை இறக்கி, கவுனின் விளிம்பைத் தேடி எடுத்து, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டது.

"அயுவு கண்ணு" என்றாள் நர்ஸம்மா. "வலிக்கும். நல்லா அயுவு."

குழந்தை தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. வெளியே குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

வசந்தா தன் விரலைப் பார்த்தாள். அது இன்னும் உதட்டின் மேலேயே இருந்தது. அதை எடுத்தாள். இரண்டே எட்டில் வெளியே போய் எத்திராஜின் முன்னால் நின்றாள். அவன் முகம் அப்படித் தளர்ந்து கிடந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். ஒரு கணம் அவளுக்குக் கை வரவில்லை. பிறகு அவன் தோளைப் பிடித்து உலுக்கி, அந்த நடைபாதையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"எந்திரிய்யா! தூங்குனது போதும், எந்திரி!"

எத்திராஜ் தடுமாறி, கண்ணைக் கசக்கி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். அவனை இழுத்துக்கொண்டுபோய்க் குழந்தையின் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

"பாரு பூங்கா. நைனா முயிச்சிகினு கீது. நல்லாப் பாரு."

குழந்தை அப்பாவின் கண்ணையே பார்த்தது. சிவந்து கலங்கி, ஆனால் திறந்திருந்த கண். பொய்யோ என்று சோதிப்பதுபோல ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தது. நர்ஸம்மா துணியை இன்னும் ஒரு விரற்கடை உரித்தாள்.

வாயிலிருந்து கவுன் நழுவியது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் ஏறாத பம்பை அடித்தால் வருமே, அந்த மாதிரி. இரண்டு தரம், மூன்று தரம். அப்புறம் குரல் ஏறியது. கரகரத்து, உடைந்து, பிறகு கூரை வரைக்கும். பேர் கூப்பிடுகிற ஆள் நிறுத்திவிட்டான். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எத்திராஜ் குழந்தையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, தானும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான்.

வசந்தா காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். "இன்னும்" என்றாள். "இன்னும் கத்து."